அடுத்த புத்தகத்தை ஒருவரே சொல்லட்டும்

எண்பது லட்சம் பேர் வாழும் நியூயார்க் நகரம், 2002-இல் ஒரே ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாமல் திணறியது. ஊரே சேர்ந்து ஒரு நூலைப் படிப்பது, பிறகு நூலகங்களிலும் கடைகளிலும் கூடி அதைப் பற்றிப் பேசுவது என்ற யோசனையை 1998-இல் சியாட்டில் நகரில் ஒரு நூலகர் தொடங்கிவைத்திருந்தார். ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலை எடுத்துக்கொண்டு சிகாகோ 2001-இல் அதை அமர்க்களமாக நடத்திக் காட்டியது. நியூயார்க்கும் ஆசைப்பட்டது. ஆனால், தேர்வு செய்ய உட்கார்ந்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு தரப்பு கொரிய அமெரிக்க எழுத்தாளர் சாங்-ரே லீயின் 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்றது. இன்னொரு தரப்பு ஜேம்ஸ் மெக்பிரைடின் 'தி கலர் ஆஃப் வாட்டர்' என்றது. இது இந்தச் சமூகத்தாரைப் புண்படுத்துமோ, அது அந்தச் சமூகத்தாருக்கு உறுத்துமோ என்று பேசிப் பேசியே காலம் போனது. கடைசியில் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து நடத்தும் வாசிப்புக் குழுக்களுக்கும் இதே வியாதிதான். கிளை நூலகத்து வாசகர் வட்டமோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியோ, பழைய கல்லூரி நண்பர்களின் ஞாயிற்றுக்கிழமை இணையக் கூட்டமோ, முதல் இரண்டு மாதம் ஜோராக நடக்கும். மூன்றாம் மாதம் வாட்ஸ்அப்பில் யாராவது ஒருவர், "அடுத்து எதைப் படிக்கலாம்?" என்று கேட்பார். அரை மணி நேரத்தில் முப்பது தலைப்புகள் வந்து குவியும். "பொன்னியின் செல்வன் வச்சுக்கலாமா?" என்று ஒருவர். "அதெல்லாம் ஸ்கூல் படிக்கிறப்பவே முடிச்சாச்சு சார்" என்று இன்னொருவர். மூன்றாமவர் ஒரு ரஷ்ய நாவலின் அட்டைப் படத்தைப் போடுவார். நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். பிறகு யாரோ காலை வணக்கம் அனுப்ப, பேச்சு அடங்கிவிடும். கூட்டத் தேதி வரும்போது கையில் புத்தகம் இருக்காது.

இதற்குப் பெரும்பாலான குழுக்கள் கண்டுபிடித்திருக்கும் வழி வாக்கெடுப்பு. வாட்ஸ்அப்பிலேயே அந்த வசதி இருக்கிறது. விரலால் ஒரு தட்டு, வேலை முடிந்தது. ஜனநாயகமாகத் தோன்றும் இந்த ஏற்பாடுதான் குழுவைக் கெடுக்கிறது. பத்துப் பேர் இருக்கும் குழுவில் நான்கு வாக்கு வாங்கிய புத்தகம் ஜெயிக்கும். மற்ற ஆறு பேரும் தாங்கள் கேட்காத ஒன்றை, தோற்ற மனநிலையோடு படிக்கத் தொடங்குவார்கள். அதைவிட மோசம், யாருக்கும் ஆட்சேபம் இல்லாத புத்தகம் ஜெயிப்பது. பந்தியில் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் பண்டம் தயிர்சாதம் என்பதற்காக இலை முழுக்க அதையே பரிமாறினால் எப்படியிருக்கும்? ஏற்கெனவே எல்லாரும் கேள்விப்பட்ட, எல்லாரும் பாதி படித்த, எல்லாரும் மரியாதை வைத்திருக்கும் நூலே திரும்பத் திரும்ப வரும். அதைப் பற்றிப் பேச யாரிடமும் புதிதாக ஒன்றும் இருக்காது.

ஆகவே, வாக்கெடுப்பை விட்டுவிட்டு முறை வைத்துக்கொள்வதே நல்லது. இந்த மாதம் ஒருவர், அடுத்த மாதம் இன்னொருவர். முறை யாருடையதோ அவர் சொல்வதுதான் புத்தகம்; அதற்கு மேல் விவாதம் கிடையாது. பிடிக்காத புத்தகம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்க வேண்டியதுதான். தன் முறை வரும் என்ற நம்பிக்கை இருப்பதால் யாருக்கும் தோற்ற எண்ணம் வராது. தேர்ந்தெடுத்தவருக்கும் பொறுப்பு வந்துவிடுகிறது. அந்த மாதம் அவராவது புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டு வருவார் அல்லவா!

தமிழில் இது புதிய ஏற்பாடும் இல்லை. சென்னையில் 1970-இல் தொடங்கப்பட்ட 'இலக்கியச் சிந்தனை' அமைப்பு இப்படித்தான் இயங்கியது. ஒவ்வொரு மாதமும் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூட்டத்தில் காரணம் சொல்வார். அடுத்த மாதம் வேறொருவர். ஆண்டு முடிவில் பன்னிரண்டு கதைகளிலிருந்து ஆண்டின் சிறந்த கதையைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே ஒருவர்தான். பன்னிரண்டும் சேர்ந்து வானதி பதிப்பகத்தின் புத்தகமாக வரும். அந்தத் தேர்வுகளோடு சண்டை போட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சண்டை போடுவதற்கு ஒரு முகம் இருந்தது என்பதுதான் இதில் விஷயம். வாக்கெடுப்பில் வென்ற புத்தகத்துக்காக யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

லட்சுமி கிருஷ்ணமூர்த்தியும் அவர் கணவரும் 1960-களில் தொடங்கி நடத்திய 'வாசகர் வட்டம்' பதிப்பகமும் இந்த வகையில் சேரும். சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நூல்கள் போய்ச் சேர்ந்தன. சா. கந்தசாமியின் 'சாயாவனம்', தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' எல்லாம் அப்படி வந்தவைதான். உறுப்பினர்களிடம் வாக்குக் கேட்டிருந்தால், அப்போது இளைஞராக இருந்த கந்தசாமியின் முதல் நாவல் வெளிவந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சரி, முறை வந்தவர் எதைச் சொல்லலாம்? தன் உயிருக்கு உயிரான புத்தகத்தை மட்டும் சொல்லக் கூடாது. குழுக்களில் அடிக்கடி நடக்கும் விபத்து இது. இருபது வயதில் 'மோகமுள்' படித்து உருகிப்போன ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்துவிடுவார். கூட்டத்தில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, "யமுனாவைச் சுற்றிச் சுற்றி வருவதைத் தவிர பாபுவுக்கு வேற வேலையே இல்லையா அங்கிள்?" என்று கேட்பாள். அது நியாயமான, பேச வேண்டிய கேள்வி. ஆனால், தேர்ந்தெடுத்தவர் முகம் சுருங்கிவிடும். அவர் அந்தப் புத்தகத்துக்கு வக்கீலாக மாறிவிடுவார். மற்றவர்கள் மரியாதைக்காக வாயை மூடிக்கொள்வார்கள். படித்து ரசித்த நூலைவிட, வெகுநாளாகப் படிக்க நினைத்து அலமாரியிலேயே தூங்கும் நூலைச் சொல்வது பாதுகாப்பானது. ஓப்ரா வின்ஃப்ரே 2004-இல் தன் வாசகர் மன்றத்துக்கு டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'வைத் தேர்ந்தெடுத்தபோது, தானே அதைப் படித்ததில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். தேர்ந்தெடுத்தவரும் மற்றவர்களும் முதல் பக்கத்தில் ஒன்றாக நிற்பது குழுவுக்கு நல்லது.

அடுத்தது பருமன். இதைப் பேசினால் இலக்கியவாதிகள் முகம் சுளிப்பார்கள். பக்கக் கணக்குப் பார்த்தா படிப்பது என்பார்கள். பக்கக் கணக்கு பார்த்தே ஆக வேண்டும். ஏனென்றால், குழுவுக்கு யார் வருவார், யார் நின்றுபோவார் என்பதைப் புத்தகத்தின் பருமனும் தீர்மானிக்கிறது. 'காவல் கோட்டம்', 'அஞ்ஞாடி' இரண்டும் சாகித்திய அகாடமி விருது பெற்றவை, இரண்டும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு டிபன் பாக்ஸ் கட்டி, பேருந்து பிடித்து வேலைக்குப் போய்த் திரும்பி, இரவு பத்தரைக்குப் பாத்திரம் கழுவி முடிக்கும் பெண்ணால் முடியாது. இரண்டு மாதம் தொடர்ந்து 'நான் முடிக்கலை' என்று சொல்ல நேர்ந்தால், மூன்றாம் மாதம் அவர் வர மாட்டார். குழுவில் கடைசியில் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று பார்த்தால் இது புரியும்.

'பொன்னியின் செல்வ'னையும் இந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும். கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக எழுதினார். ஐந்து பாகம், கிட்டத்தட்ட முந்நூறு அத்தியாயம். மாதம் ஒரு நூல் என்ற குழுவுக்கு அது ஆகாது. வாரம் ஓர் அத்தியாயம் என்று வைத்தாலும் ஆறு ஆண்டு தாங்கும். அப்படியும் நடத்துகிறவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'ஃபின்னகன்ஸ் வேக்' நாவலை 1995-இல் படிக்கத் தொடங்கிய ஒரு குழு, கூட்டத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் வீதம் நகர்ந்து, 2023-இல் கடைசிப் பக்கத்தைத் தொட்டது. இருபத்தெட்டு ஆண்டு! முடித்த கையோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிட்டார்கள். அடுத்த புத்தகம் எது என்ற தலைவலி அவர்களுக்கு இல்லை.

நம்மூரிலும் அந்தப் பொறுமைக்கு முன்னோடி உண்டு. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி'யில் கம்பனின் ஒரே ஒரு பாட்டு ஒரு மாலைப் பொழுதையே எடுத்துக்கொள்ளும். படித்து முடிப்பது அங்கே யாருக்கும் குறிக்கோள் இல்லை. ஆனால், அதற்கு டி.கே.சி. போல் ஒருவர் வேண்டும். அவர் இல்லாத குழுக்கள் குறுநாவலைத் தேடுவதே உத்தமம்.

தமிழில் அதற்குப் பஞ்சமே இல்லை. சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' (1959) ஒரே மூச்சில் படித்துவிடக்கூடியது. கதை முழுவதும் செல்லாயி சல்லிக்கட்டின் ஒரு பிற்பகல்தான். தன் அப்பன் அம்புலியைச் சாய்த்த காரிக் காளையை அடக்கப் பிச்சி வந்து நிற்கிறான், பக்கத்தில் மருதன். காளையோ ஜமீன்தாருடையது. அதைத் தொட்டால் ஜமீன்தாரின் மானத்தைத் தொட்டதாக ஆகும் என்பது அங்கே நிற்கும் கிழவனுக்குத் தெரியும். மெரினாவில் 2017 தை மாதம் சல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டத்தைப் பார்த்தவர்கள் இந்தச் சிறு நூலைப் படித்தால், காளை, வீரம், சாதி, அதிகாரம் என்று பேச்சு எங்கெங்கோ போகும். கடைசிப் பக்கங்களில் ஜமீன்தார் செய்யும் காரியத்தை இங்கே சொல்லப்போவதில்லை. அது சரியா தவறா என்று அடித்துக்கொள்ள ஒரு மணி நேரம் போதாது. பொங்கல் மாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் இல்லை.

அதே போல் சித்திரை, வைகாசிக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையின் ஏரிகள் 2019 கோடையில் காய்ந்து, தெருவெங்கும் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்றதை நினைவு வைத்திருப்பவர்களுக்கு, குடத்தோடு தெருவில் அலையும் ஜமுனா அந்நியமாகத் தெரிய மாட்டாள். நாவல் வந்து ஐம்பது ஆண்டு ஆகிவிட்டது. குடம்தான் பித்தளையிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியிருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அதில் ஒன்றுமே நடக்காது. பேச வைப்பது அந்த 'ஒன்றுமே இல்லை'தான்.

நல்ல புத்தகமும் பேச வைக்கிற புத்தகமும் ஒன்றல்ல. எல்லாரும் கண்ணீர் விட்டு, 'அருமை, அருமை' என்று சொல்லிவிட்டுப் பத்தாவது நிமிடத்தில் போண்டாவைப் பற்றிப் பேசத் தொடங்கும் கூட்டங்கள் உண்டு. புத்தகத்தின் மேல் குறை ஒன்றும் இல்லை. குழுவுக்கு வேண்டியது பத்துப் பேரையும் இரண்டாகப் பிரிக்கும் புத்தகம். 'அம்மா வந்தா'ளில் அலங்காரம் செய்தது என்ன என்று கேட்டுப் பாருங்கள். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் இன்னும் நல்லது.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் ஜெயகாந்தனிடம் இருக்கிறது. அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பேருந்துக்காக நின்ற கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிச் சென்று ஒருவன் கெடுத்துவிடுகிறான். வீடு திரும்பிய மகளை அம்மா முதலில் அடிக்கிறாள். பிறகு உட்காரவைத்துத் தலையில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டி, எல்லாம் போய்விட்டது, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தண்ணீரைத் தமிழ் வாசகர்களால் ஜீரணிக்க முடியவில்லை, ஊரே கொந்தளித்தது. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊருக்குத் தெரியும்படி அலறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தன் எழுதிய நாவல்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதற்கு 1972-இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. அது 1977-இல் படமாகவும் வந்தது.

ஒரு குழு இதை எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பாருங்கள். முதல் மாதம் புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்'. கல்லிலிருந்து மீண்ட அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று கேட்டதும் மறுபடியும் கல்லாகிவிடும் கதை. இரண்டாம் மாதம் அதே தீக்குளிப்பைத் தலைப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரை ஊற்றும் ஜெயகாந்தனின் சிறுகதை. மூன்றாம் மாதம் நாவல். நான்காம் மாதம், சீதையைத் தன் கதையைத் தானே எழுத வைக்கும் அம்பையின் 'அடவி'. நான்கு மாதமும் படிக்க வேண்டிய பக்கங்கள், நாவலைத் தவிர, சொற்பம். ஒரு புத்தகம் அடுத்ததைக் கைபிடித்துக் கூட்டி வந்தால், 'அடுத்து என்ன' என்று வாட்ஸ்அப்பில் கேட்கவே வேண்டாம். முறை வந்தவர், சென்ற மாதப் பேச்சில் எது பாதியில் நின்றது என்று யோசித்தாலே போதும். தகழியின் 'தோட்டியின் மகன்' படித்த குழுவில், ஆலப்புழையில் மலம் அள்ளிய அந்தத் தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய பேச்சு முடியாமல் போனால், அடுத்தது பாமாவின் 'கருக்கு' என்பது தானாகவே வந்து விழும்.

சர்ச்சைக்குரிய புத்தகம் வேண்டாம் என்று சில குழுக்கள் எழுதப்படாத விதி வைத்திருக்கின்றன. குடியிருப்போர் சங்கங்களில் இது அதிகம். அந்தப் பயம் புரிகிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்து நான்கு ஆண்டு அமைதியாகத்தான் இருந்தது. பிறகு சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரெல்லாம் கொடுத்ததில்தான் வினை வந்தது. எழுத்தாளர் எழுதுவதையே நிறுத்துகிறேன் என்று அறிவிக்கும் நிலை உண்டாகி, 2016-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே நிலைமை மாறியது. வாசிப்புக் குழுவில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. அங்கே எல்லாரும் முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுகிறார்கள். கசப்பான விஷயத்தைப் பேச அதைவிடப் பத்திரமான இடம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது?

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பெங்களூரு கப்பன் பூங்காவில் சனிக்கிழமைதோறும் பாயோடும் புத்தகத்தோடும் கூடுகிறார்கள். அவரவர் புத்தகம், அவரவர் மர நிழல், பேச்சு கிடையாது. மற்ற நகரங்களுக்கும் அது பரவியிருக்கிறது. கைபேசியை இரண்டு மணி நேரம் ஓரம் கட்ட அது நல்ல வழி. ஆனால், பக்கத்துப் பாயில் இருப்பவர் என்ன படித்தார், அவருக்கு எங்கே கோபம் வந்தது என்று தெரியாமலே எழுந்து போவதைக் குழு வாசிப்பு என்று சொல்ல முடியாது.

எவ்வளவு நல்ல தேர்வையும் கவிழ்த்துவிடும் காரணம் ஒன்று உண்டு: புத்தகம் கிடைக்காது. பதிப்பில் இல்லை, அல்லது சென்னையில் ஒரு கடையில் இரண்டே பிரதி. தபாலில் வந்து சேர்வதற்குள் பாதி மாதம் ஓடிவிடும். மாதாமாதம் முந்நூறு, நானூறு ரூபாய் கொடுத்து வாங்க எல்லாராலும் ஆகாது. ஆகவே தேர்ந்தெடுப்பவர் தலைப்பை அறிவிக்கும் முன் கடையில் விசாரித்துவிட வேண்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தன்னார்வலர்கள் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் நிறைய இருக்கின்றன. கல்கியும் புதுமைப்பித்தனும் செலவில்லாமல் கைக்கு வருவார்கள். இன்று எழுதிக்கொண்டிருப்பவர்கள் அப்படி வர மாட்டார்கள், வரவும் கூடாது. அவர்களுக்குப் புத்தகம் விற்றாக வேண்டும்.

இங்கேதான் பொது நூலகத் துறை உதவ முடியும். பிரிட்டனில் பல வட்டார நூலகங்கள் வாசிப்புக் குழுக்களுக்கென்றே ஒரே நூலின் பத்துப் பன்னிரண்டு பிரதிகளைக் கட்டாகக் கடன் கொடுக்கின்றன. குழுவின் சார்பில் ஒருவர் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய், கூட்டம் முடிந்ததும் கட்டாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். நம்மிடம் 1948-ஆம் ஆண்டிலேயே வந்த பொது நூலகச் சட்டம் இருக்கிறது. வீடு வைத்திருப்பவர்கள் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் பிரம்மாண்டமான நூலகங்கள் எழுந்திருக்கின்றன. கிளை நூலகங்களில் வாசகர் வட்டங்கள் ஏற்கெனவே பெயரளவிலாவது உள்ளன. ஆனால், ஒரே தலைப்பில் பத்துப் பிரதி கேட்டால் எந்தக் கிளையிலும் கிடைக்காது.

மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றும் முதலில் இருபது தலைப்புகளைத் தலா பத்துப் பிரதி வாங்கி, வாசகர் வட்டங்களுக்கு மாதத் தவணையில் கொடுத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் குறுநாவல்களாகவும் சிறுகதைத் தொகுப்புகளாகவும் இருக்கட்டும். பாதியாவது இன்று எழுதுகிறவர்களுடையதாக இருக்கட்டும். அந்த இருபதையும் ஒரு குழு போட்டுத் தேர்ந்தெடுக்காமல், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு நூலகரிடம் பொறுப்பை ஒப்படைத்தால் இந்த ஆண்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.